விலை புரிந்தவர்

பூட்டுக்காரரின் கடையில் ஒரு ஆள் உட்காரலாம். இன்னொரு ஆள் நின்றுகொண்டு தொலைந்த சாவியைப் பற்றிப் புலம்பலாம். அதற்கு மேல் இடம் கிடையாது. சுவரில் ஒரு தகரப் பலகை: 'பூட்டுத் திறக்க இருநூறு.' பதினொரு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. பெயிண்ட் உரிந்ததே தவிர விலை மாறவில்லை. கொட்டுகிற மழையில் வாசலில் நிற்கிறவனுக்கும் இருநூறு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாவகாசமாக வருகிறவனுக்கும் இருநூறு. இதை அவர் கொள்கை என்றெல்லாம் நினைத்ததில்லை. பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது.

அவருக்கு ஒரே ஒரு பழக்கம் உண்டு. கடையைச் சாத்தினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். ஒரு தடவை இழுத்தால் பூட்டியாயிற்று என்று தெரியும். இரண்டாவது தடவை, முதல் தடவை சரியாக இழுத்தோமா என்று. மூன்றாவது தடவை சும்மா, மனசு கேட்காமல். பூட்டுத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் உள்ள வியாதிதான் இது. இந்த வியாதிக்கு இவ்வளவு செலவாகும் என்று பாவம், அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. முழுக் கட்டணம் இரண்டாயிரத்து எண்ணூறு. வருமானம் குறைந்த குடும்பத்துக்குப் பாதி. அந்தப் பாதி, ஆயிரத்து நானூறு, வீட்டில் ஒரு தகர டப்பாவில் தயாராக இருந்தது. மனைவி எட்டு மாதமாகச் சேர்த்தது. கல்லூரி கேட்டது ஒன்றே ஒன்று. வருமானம் குறைவு என்பதற்கு அத்தாட்சியாக, இந்த வருஷம் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்த ரசீது. தாக்கலுக்குக் கடைசி நாள் எதுவோ அன்று மாலை ஐந்து மணிக்குள் ரசீது வந்து சேர வேண்டும், மறுநாள் மதியத்துக்குள் பணம் கட்ட வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் இடம் அடுத்த பெண்ணுக்கு.

பூட்டுக்காரர் வரி கட்டுகிற அளவுக்குச் சம்பாதிக்கிறவர் இல்லை. ஆனால் சம்பாதிக்கவில்லை என்பதையும் கணக்குக் காட்டித்தானே நிரூபிக்க வேண்டும்! கெடுவுக்கு மூன்று மாதம் இருக்கும்போதே வரி அலுவலகத்துக்குப் போனார். காகிதத்தில் வாங்குவதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிவிட்டது என்று வாசலிலேயே காவலாளி சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுச் சுவரொட்டி ஒன்றைக் கைகாட்டினார். 'வரிச்சுகம். ஆன்லைனில் வரி தாக்கல். இலவசம்!' அங்கீகாரம் பெற்ற ஒரே மென்பொருள் அதுதானாம்.

அன்று சாயங்காலமே பூட்டுக்காரர் கடையில் உட்கார்ந்து போனில் அதைத் திறந்தார். பெயர், பிறந்த தேதி, கடையின் நீளம், அகலம், மனைவியின் வேலை, வருஷத்தில் எத்தனை பூட்டு, அதில் எத்தனை துருப்பிடித்தது. ஒவ்வொரு திரையிலும் மேலே 'இலவசம்' என்று பச்சையில் மின்னிக்கொண்டே வந்தது. இருபத்தேழாவது திரையில் பச்சை போய்விட்டது.

'வாழ்த்துகள்! நீங்கள் சொந்தத் தொழில் செய்பவர். இலவசம் உங்கள் தகுதிக்குக் குறைவானது. உங்களுக்கான விலை: முந்நூறு.'

ஒன்றரைப் பூட்டு. போகட்டும் என்று கட்டப் போனவரைத் தடுத்தவர் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர். தெருவில் அவருக்கு ஆஃபர் அண்ணன் என்று பெயர். எந்தப் பொருள் எப்போது எங்கே மலிவு என்று அவரைக் கேட்டால் தெரியும். எல்லாம் தெரிந்தும் அவர் கடையில் ஒரே ஒரு ஜெராக்ஸ் மெஷின்தான் இருந்தது, அதுவும் வரிவரியாக அடித்தது.

"அவசரப்படாதய்யா," என்றார் ஆஃபர் அண்ணன். "போன வருஷம் கடைசி நாள் தள்ளுபடி விட்டாங்க. நூறு ரூவாக்குள்ள முடிஞ்சுது. பதறாத காரியம் சிதறாது."

பதறினால் சாவி முறியும் என்பது பூட்டுத் தொழிலின் பாலபாடம். பூட்டுக்காரர் போனை வைத்துவிட்டார். ஆனால் மறுநாள் மனசு கேட்கவில்லை. கடையைச் சாத்திப் பூட்டை மூன்று தடவை இழுத்தார். அப்படியே போனை எடுத்து விலையையும் மூன்று தடவை பார்த்தார். முதல் தடவை முந்நூறு. இரண்டாவது தடவை முந்நூற்றுப் பத்து. மூன்றாவது தடவை முந்நூற்று இருபத்தைந்து.

ஒரு மாதம் இப்படிப் போயிற்று. விலை அறுநூறைத் தொட்டது. ஏன் என்று தெரியாமல் அவர் இன்னும் கவனமாகப் பார்த்தார். திரையில் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி வந்தது: 'விலை ஏறவில்லை. பருவம் மாறியிருக்கிறது.'

"என் போன்ல நானூறுதானே காட்டுது!" என்று ஆஃபர் அண்ணன் ஆச்சரியப்பட்டார். "இந்தா, இதுலயே போட்டுடு. உன் நம்பரைப் போட்டு உள்ளே போ."

பூட்டுக்காரர் உள்ளே போனார். ஆஃபர் அண்ணனின் போன் ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு அதிலும் அறுநூறு என்றது. வெளியே வந்த பிறகும் அது அறுநூறிலேயே நின்றது.

"அடப்பாவி! உன் கை பட்டதும் எனக்கும் ஏறிடுச்சேய்யா!" என்று போனைப் பிடுங்கிச் சட்டையில் துடைத்தார் ஆஃபர் அண்ணன். துடைத்தால் இறங்குமா?

விலை எழுநூற்று எண்பது ஆனபோது மனைவி ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள். "வீட்டுல உக்காந்து போனை முறைச்சுப் பார்த்தா குறையுமா? நேர்ல போய்க் கேளுங்க. கேட்டா என்ன, வாய் தேஞ்சா போயிடும்?"

வரிச்சுகம் நிறுவனத்தின் கட்டிடத்தில் மூன்றாவது மாடி முழுக்க 'விலை விளக்க மையம்'. நல்ல ஏசி. சுவர் முழுக்க ஒரு பெரிய மரத்தின் படம். அதில் நாலு கிளை. பிஞ்சு, காய், செங்காய், கனி என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது. கீழே, தங்க எழுத்தில், 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்.' யார் தூற்றிக்கொள்வது என்று போடவில்லை.

ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகு பருவ அலுவலர் கூப்பிட்டார். இளவயசு, கழுத்தில் அட்டை, முகத்தில் அப்படி ஒரு கனிவு.

"உக்காருங்க ஐயா. முதல்ல ஒரு தப்பான எண்ணத்தைத் திருத்திடறேன். நாங்க விலையை ஏத்தறதே இல்லை. விலை அது பாட்டுக்கு இருக்கு. தேதிதான் நகருது."

"முந்நூறு இருந்துச்சு சார். இப்ப எழுநூத்தி எண்பது."

"கெடுவுக்கு மூணு மாசம் இருந்தப்ப உங்களுக்கு நாங்க அவ்வளவு அவசியம் இல்லை. அது பிஞ்சுப் பருவம். இப்ப செங்காய். கெடு கிட்ட வர வர ஒரு பக்குவம் வரும் பாருங்க, அதுதான் கனிப் பருவம். பழம் பழுக்குதுன்னு யாராவது மரத்தைக் கோவிச்சுக்குவாங்களா?"

பூட்டுக்காரர் மரத்தின் படத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "இதுல பழம் எது சார்?"

"நீங்கதான்," என்றார் அலுவலர், கொஞ்சமும் யோசிக்காமல்.

பிறகு கணினியைத் தன் பக்கம் திருப்பி ஏதோ தட்டினார். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "அடேயப்பா! தினமும் மூணு தடவை வந்திருக்கீங்க! ஞாயித்துக்கிழமைகூட! எங்க வாடிக்கையாளர்ல இவ்வளவு ஆர்வமா யாருமே கிடையாது. அதனாலதான் உங்களுக்கு மத்தவங்களைவிட வேகமாப் பழுத்திருக்கு."

"ஆர்வமெல்லாம் இல்ல சார். மூணு தடவை இழுத்துப் பாக்கறது எனக்குப் பழக்கம்."

"பழக்கத்துக்கும் ஆர்வத்துக்கும் கணினிக்கு வித்தியாசம் தெரியாது. தெரிஞ்சா எங்களுக்கு நஷ்டம்," என்றார் அலுவலர் அன்பாக. "ஆனா உங்களை மாதிரி ஆளுங்களுக்காகவே ஒரு சலுகை வச்சிருக்கோம். மூணு நாள் வகுப்பு. விலை ஏன் மாறுதுன்னு புரிஞ்சுக்கிட்டுப் பரீட்சை எழுதினா, 'விலை புரிந்தவர்'னு சான்றிதழ் தருவோம். சான்றிதழ் இருந்தா, நீங்க புரிஞ்சுக்கிட்ட விலையிலேயே தாக்கல் பண்ணலாம். அதுக்கு மேல ஒரு பைசா வேண்டாம்."

எழுநூற்று எண்பதோடு தப்பித்தால் போதும் என்றாகிவிட்டது பூட்டுக்காரருக்கு. கடையை மூன்று நாள் சாத்தினார். மூன்று நாள் சாத்தினால் எத்தனை பூட்டுப் போகும் என்று மனைவி விரல் விட்டுக் கணக்குப் போட்டாள்.

வகுப்பில் முப்பது பேர். பக்கத்தில் உட்கார்ந்த லாரி ஓட்டுநர் நாலாவது தடவையாக வருகிறாராம். முதல் நாள் மூச்சுப் பயிற்சி. விலையைப் பார்த்ததும் மூச்சை உள்ளே இழுத்துப் பத்து எண்ணி விட வேண்டும். இரண்டாம் நாள் ஒரு குறும்படம். அதில் ஒரு அம்மா பிஞ்சுப் பருவத்திலேயே பணம் கட்டிவிட்டு, ஜன்னல் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் பரீட்சை. ஒரே கேள்வி.

'விலை ஏன் ஏறியது? (அ) வேலை கூடியதால் (ஆ) செலவு கூடியதால் (இ) பேராசையால் (ஈ) ஏறவில்லை.'

பூட்டுக்காரர் பேனாவைக் கடித்தபடி யோசித்தார். ஓட்டுநர் குனிந்து காதில் கிசுகிசுத்தார். "யோசிக்காதீங்க அண்ணே. நான் மூணு தடவையும் யோசிச்சுத்தான் பெயிலானேன்."

'ஈ' போட்டார். தேர்ச்சி பெற்றார். தடிமனான தாளில், கையெழுத்து, முத்திரையோடு சான்றிதழ் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவருக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் சான்றிதழ். மடங்காமல் பிடித்துக்கொண்டு, கூச்சத்தோடு சிரித்தபடி பருவ அலுவலரிடம் போனார்.

அலுவலர் எழுந்து நின்று கைகொடுத்தார். "பாராட்டுகள்! நீங்க எழுநூத்தி எண்பதை முழுசாப் புரிஞ்சுக்கிட்டீங்க."

"அப்ப அதைக் கட்டிடலாமா சார்?"

"அந்த விலை இப்ப இல்லையே ஐயா. மூணு நாள் ஆயிடுச்சே. இன்னிக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது. அதை நீங்க இன்னும் புரிஞ்சுக்கலை." நாட்காட்டியைப் புரட்டினார். "திங்கட்கிழமை புது வகுப்பு ஆரம்பிக்குது. பேரை எழுதிக்கவா?"

பூட்டுக்காரர் மூச்சை உள்ளே இழுத்துப் பத்து எண்ணினார். சொல்லிக்கொடுத்ததில் அது ஒன்றுதான் உபயோகப்பட்டது.

அதற்குப் பிறகு அவருக்கு இருந்த ஒரே பிடிமானம் ஆஃபர் அண்ணன் சொன்ன கடைசி நாள் தள்ளுபடிதான். அந்தக் கடைசி நாளும் வந்தது. காலையில் ஆயிரத்து நானூறு. மதியம் ஆயிரத்து அறுநூறு. தள்ளுபடி வருகிற வழியைக் காணோம். மனைவி தகர டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதைக் கட்டினா நாளைக்குப் பீஸுக்கு என்ன பண்றது?" என்றார்.

"இதைக் கட்டலைன்னா நாளைக்குப் பீஸ் கட்ட இடமே இருக்காது. இன்னிக்கு அஞ்சு மணியோட கதவைச் சாத்திடுவாங்க. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? முதல்ல ரசீதை வாங்குங்க. நாளைக் கதை நாளைக்கு." சொல்லும்போது திடமாகத்தான் சொன்னாள். ஆனால் டப்பாவை அவர் பக்கம் தள்ளிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரண்டரை மணிக்கு வேலைப் பையைத் தோளில் போட்டபடியே மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்தார். மூன்று மணிக்கு விலை ஆயிரத்து எண்ணூறு ஆகிறது என்று சுவரில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"சார், ஆயிரத்து நானூறுதான் இருக்கு. இருநூறு குறையுது. தள்ளுபடி ஏதாவது வருமா?"

"அதைப் பத்திச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை ஐயா," என்றார் பருவ அலுவலர்.

"அப்ப வராதுன்னு எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கற சுதந்திரம் உங்களுடையது."

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வேகமாக வந்தார். நல்ல கோட்டு, நெற்றி முழுக்க வியர்வை. நிறுவனத்தின் இயக்குநர். அலுவலர் காதில் ஏதோ சொன்னார். அலுவலர் பூட்டுக்காரரைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், முகத்தில் பழைய மலர்ச்சி.

"ஐயா, நீங்க பூட்டுக்காரர்தானே? இருபத்தேழாவது திரையில சொல்லியிருக்கீங்க. உள்ளே ஒரு அறைக்குச் சாவி தொலைஞ்சுபோச்சு. அவசரம். திறக்க எவ்வளவு?"

"இருநூறு."

இயக்குநர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அவசரம்னு சொல்றோம். அப்பவும் இருநூறுதானா?"

"பலகையில அப்படித்தான் சார் போட்டிருக்கு."

"சுத்தமாப் பருவமே தெரியாத ஆளு," என்று இயக்குநர் அலுவலரிடம் வருத்தமாகச் சொன்னார்.

இருநூறு! குறைந்தது அந்த இருநூறுதானே! பூட்டுக்காரருக்கு ஆண்டவனே கண் திறந்த மாதிரி இருந்தது. ஆனால் கடிகாரத்தில் மூன்று மணிக்குப் பன்னிரண்டு நிமிஷம்தான். பூட்டைத் திறந்துவிட்டு வந்தால் ஆயிரத்து எண்ணூறு ஆகிவிடும். தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், கூலியை முன்னாடியே கொடுத்தீங்கன்னா, முதல்ல இங்க கட்டிட்டு வந்துடறேன். மூணு மணிக்குள்ள கட்டணும்."

இயக்குநரும் அலுவலரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இயக்குநர் பர்ஸை எடுத்து இருநூறைக் கொடுத்தார். அலுவலர் அதையும் டப்பாப் பணத்தையும் சேர்த்து வாங்கி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணி, ரசீதை அடித்துக் கொடுத்தார். கல்லூரிக்கும் அங்கிருந்தே அனுப்பி வைத்தார். மணி இரண்டு ஐம்பத்தேழு. மகளுக்குப் போன் போட்டு, "ரசீது போயிடுச்சும்மா," என்று மூன்று தடவை சொன்னார் பூட்டுக்காரர்.

அறை தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. கனமான கதவு, உள்ளே பதித்த பூட்டு. யாரோ அவசரத்தில் வேறு சாவியைப் போட்டு முறுக்கி, பாதி உள்ளேயே முறிந்து கிடந்தது. பதறினால் இப்படித்தான். மண்டியிட்டு உட்கார்ந்து, மெல்லிய கம்பியால் முறிந்த துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தார். பிறகு பூட்டுக்குள் இருக்கிற நெம்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார். நாற்பது நிமிஷம். இயக்குநர் பின்னால் நடந்துகொண்டே இருந்தார். 'களுக்' என்றது. கதவு திறந்தது.

உள்ளே ஒரு மேஜை. மேஜை மேல் ஒரு கணினி. அதைத் தவிர அந்த அறையில் ஒன்றுமே இல்லை.

இயக்குநர் உட்கார்ந்து, நெற்றி வியர்வையைத் துடைத்து, கோட்டைச் சரிசெய்துகொண்டார். அலுவலர் போனைப் பிடிக்க, வீடியோவில் பேச ஆரம்பித்தார். "அன்பு வாடிக்கையாளர்களே! கடைசி நாளில் நீங்க படற கஷ்டத்தைப் பார்த்து எங்க மனசு இளகிடுச்சு. வருஷா வருஷம் சரியா மூணரைக்கு இளகும். இந்த வருஷம் ஒரு சின்னத் தொழில்நுட்பக் கோளாறால பத்து நிமிஷம் தாமதம். இந்த நிமிஷத்துல இருந்து வரிச்சுகம் எல்லாருக்கும் தொண்ணூத்தொன்பது!" ஒரு விசையைத் தட்டினார். கீழ்த் தளத்தில் ஆட்கள் கைதட்டுகிற சத்தம் மேலே வரை கேட்டது.

பூட்டுக்காரர் கம்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"சார்," என்றார் கடைசியில், அலுவலரிடம். "உள்ளே இது இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும் ஐயா. ஆனா வாடிக்கையாளர் எடுக்கற முடிவுல நாங்க தலையிடறதில்லை. அது எங்க நேர்மை."

"என் பணத்தைக் கொஞ்சம்..."

"நீங்க கட்டினது கனிப் பருவம். இது கருணைப் பருவம். ரெண்டையும் கலக்க முடியாது."

"நான்தானே சார் திறந்தேன்!"

"அதுக்குத்தானே இருநூறு கொடுத்தோம்?" என்றார் அலுவலர். இவ்வளவு தெளிவான விஷயம் இந்த மனுஷனுக்கு ஏன் விளங்கவில்லை என்று அவருக்கு நிஜமாகவே வருத்தம். "உங்ககிட்டச் சான்றிதழ் வேற இருக்கே!"

சாயங்காலம் ஐந்தரைக்குப் பூட்டுக்காரர் கடையில் இருந்தார். மகளும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ரசீதை ஏற்றுக்கொண்டதாகக் கல்லூரி செய்தி அனுப்பியிருந்தது. நாளை மதியத்துக்குள் ஆயிரத்து நானூறு கட்டச் சொல்லியும் அனுப்பியிருந்தது. ஆயிரத்து நானூறு என்றால் ஏழு பூட்டு. ஒரு நாளைக்கு இரண்டு வந்தால் அதிகம்.

ஆஃபர் அண்ணன் சிரிப்பும் கும்மாளமுமாக வந்தார். "தொண்ணூத்தொன்பதுக்கு முடிச்சேன் பார்த்தியா! சொன்னேன்ல, பதறாத காரியம் சிதறாதுன்னு! நீ எவ்வளவுக்கு முடிச்சே?" பூட்டுக்காரர் சொன்னார். அண்ணனின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. கடன் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். "இருந்தா கொடுக்க மாட்டேனா? வர்ற அஞ்சு வருஷத்துக்கும் இப்பவே கட்டினா பாதி விலைன்னான்யா. கல்லாவுல இருந்ததை வழிச்சுப் போட்டுட்டேன்."

அவர் போன பிறகு மகள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தாள்.

"அப்பா, இன்னிக்கும் நாளைக்கும் மட்டும் நானூறுன்னு போடலாம்ப்பா. அப்பறம் அழிச்சிடலாம். ஊரே செய்யுது."

அவர் பதில் சொல்வதற்குள் ஒரு பெண் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. "அண்ணே, கதவு தானாச் சாத்திக்கிச்சு. சாவி உள்ளே இருக்கு. குழந்தையும் உள்ளேதான் இருக்கு, அழுதுக்கிட்டே இருக்கு. எவ்வளவுன்னாலும் தர்றேன், சீக்கிரம் வாங்கண்ணே!"

பூட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். பிஞ்சு இல்லை, காய் இல்லை, செங்காயும் இல்லை. மூன்று நாள் வகுப்பில் எவ்வளவு பாடுபட்டும் புரியாதது இப்போது ஒரே நொடியில் புரிந்துவிட்டது. மகள் சாக்பீஸைப் பிடித்தபடி அப்பாவின் வாயையே பார்த்தாள். அவரும் என்னென்னமோ சொல்லத்தான் நினைத்தார்.

"இருநூறும்மா," என்றார். "அழாதே, வா. குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது."

மகள் சாக்பீஸைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வேலைப் பையை எடுத்து அப்பாவின் தோளில் மாட்டிவிட்டாள்.

"இன்னும் ஆறு," என்றாள்.